தனுஷ்கோடி ரயிலில் எத்தனை பேர்? முதலாண்டு மாணவர்களோடு ஒரு நூலகப் பயிற்சி

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைப் பக்கம், அரசு உதவி பெறும் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். முதலாண்டு மாணவர்களுக்குக் கணினியில் தேடுவதையும் நூலகத்தில் தேடுவதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க, வரலாற்றுத் துறையோடு சேர்ந்து ஒரு பயிற்சி நடத்தினோம். அது எப்படி நடந்தது, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை வேறு கல்லூரி நூலகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்று எழுதி வைக்கிறேன்.

எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் மீனவ, விவசாயக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். வீட்டில் முதலில் கல்லூரி வாசல் மிதிப்பவர்களும் நிறைய. பள்ளியில் நூலகம் என்று ஒன்று இருந்தாலும் அது பூட்டிய பீரோவாகத்தான் இருந்திருக்கும்.

அரை மணி நேர அறிமுகம்

புதிய மாணவர்களை வரவேற்கும் ‘தீக்ஷாரம்ப்’ திட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் வழிகாட்டி வெளியிட்டது. அதிலிருந்து எல்லாக் கல்லூரிகளிலும் ஜூன், ஜூலையில் அறிமுக விழா களைகட்டுகிறது. அதில் நூலகத்துக்கு அரை மணி நேரம் கிடைக்கும். அரங்கில் எல்லாத் துறை மாணவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். திரையில் கோஹா மென்பொருளில் உள்ள நூல் பட்டியல், கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்நூல்களும் தரும் என்-லிஸ்ட், தேசிய மின்நூலகம், முனைவர் பட்ட ஆய்வேடுகளின் தொகுப்பான ஷோத்கங்கா என்று ஒவ்வொன்றாக வந்து போகும். என்-லிஸ்டில் 6,000-க்கு மேற்பட்ட மின்னிதழ்கள் இருக்கின்றன என்று சொன்னால் கைதட்டுவார்கள். அவ்வளவுதான். அப்புறம் செமஸ்டர் தேர்வு நெருங்கும்போதுதான் நூலகப் பக்கம் தலை தெரியும், அதுவும் கைடு வாங்க.

மாணவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. தேட வேண்டிய தேவையே வராத நாளில் தேடும் வழியைச் சொன்னால் யார் மனத்தில் நிற்கும்? ஆகவே அரை மணி நேரத்தை அப்படியே விட்டுவிட்டு, வேறு வழி பார்த்தோம். வரலாற்றுத் துறை ஆசிரியை ஒருவர் முதல் செமஸ்டரில் தரும் அசைன்மென்ட் ஒன்றை நூலக வகுப்போடு பிணைக்க ஒப்புக்கொண்டார். நூலக வகுப்பு அவருடைய பாடவேளையிலேயே நடக்கும். மதிப்பெண்ணும் உண்டு. பாடவேளைக்குள் என்பது முக்கியம். மாலையில் டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாத ஊர்கள் சுற்றிலும் இருக்கின்றன. நாலு மணிக்கு மேல் வகுப்பு வைத்தால் விடுதி மாணவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

கேள்வியைத் தேர்ந்தது

‘புயலும் தனுஷ்கோடியும்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தால் விக்கிப்பீடியாவிலிருந்து நாலு பக்கம் வந்திருக்கும். அதனால் தலைப்பாகக் கொடுக்காமல் கேள்வியாகக் கொடுத்தோம்: 1964 டிசம்பர் 22 இரவு கடல் கொண்டுபோன பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சரில் எத்தனை பேர் இருந்தார்கள்? நீங்கள் சொல்லும் எண்ணை ஏன் நம்பலாம்?

இந்தக் கேள்வியை வேண்டுமென்றேதான் பிடித்தோம். அதே புயலில் உடைந்த பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் சீரமைத்தார்கள் என்பது எங்கே தேடினாலும் ஒரே மாதிரி வரும். தேடினோம், கிடைத்தது, முடிந்தது. ரயில் விஷயம் அப்படி இல்லை. 110 என்று ஒரு பக்கம், 115 என்று பல பக்கம், 200 பேர் என்று வேறொரு பக்கம். முதல் விடையோடு எழுந்து போக முடியாது. அதோடு இது இந்த மண்ணின் கதை. வகுப்பில் கால்வாசிப் பேருக்காவது புயலைப் பார்த்த ஒரு தாத்தாவோ அப்பத்தாவோ இருந்தார்கள்.

கடவுச்சொல் எங்கே?

முதல் வகுப்பு முழுக்கத் தேடலைத் தொடவே முடியவில்லை. என்-லிஸ்ட் கணக்கைத் திறக்கும் விவரம் மாணவரின் மின்னஞ்சலுக்குப் போகும். மின்னஞ்சல் முகவரி எல்லோருக்கும் இருந்தது. அதைத் திறக்கத்தான் பலருக்குத் தெரியவில்லை. சேர்க்கை விண்ணப்பத்தையும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை விண்ணப்பத்தையும் பிரவுசிங் சென்டரில் போட்டிருக்கிறார்கள். முகவரியை உருவாக்கியவர் கடைக்காரர். கடவுச்சொல் அவருடைய நோட்டில் இருக்கும், அல்லது அவருக்கும் மறந்திருக்கும். மீட்டெடுக்கலாம் என்றால் ஓடிபி, திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் போனுக்குப் போகிறது. ஒரு மாணவி அண்ணனைக் கூப்பிட்டு, “அண்ணே, ஒரு நம்பர் வரும், சீக்கிரம் சொல்லுண்ணே, சார் நிக்கிறாரு” என்று கெஞ்சியது இன்னும் காதில் இருக்கிறது. அண்ணன் ஷிப்டில் இருந்தார்.

இந்தத் தலைமுறை இணையத்தோடு பிறந்தது, இவர்களுக்கு நாம் என்ன சொல்லித்தருவது என்று பேராசிரியர் கூட்டங்களில் அடிக்கடி சொல்லக் கேட்கிறேன். போனில் ரீல்ஸ் எடுத்து, வெட்டி, பாட்டுச் சேர்த்துப் போடுகிறவர்கள்தான். ஆனால் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் கதை வேறு. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் கொரோனாக் காலத்தில் தடைப்பட்டது. அதற்கு முன் பிளஸ் டூ முடித்த அக்கா அண்ணன்களுக்கு இருந்த பழக்கம் அடுத்து வந்தவர்களுக்கு இல்லை. கேப்ஸ் லாக் விழுந்திருப்பது தெரியாமல் ஐந்து முறை கடவுச்சொல் அடித்து, கணக்கு பூட்டிக்கொள்ளும். ‘@’ குறி எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் கோப்பு. “சார், டவுன்லோடு ஆயிருச்சு, ஆனா காணோம்” என்றார் ஒரு மாணவர். மடிந்த விரல்களால் திரையின் நாலு மூலையிலும் தட்டிப் பார்த்தார். அது தொடுதிரை இல்லை. போனில் படம் கேலரிக்கும் பாட்டு பாட்டுச் செயலிக்கும் தானாகப் போய்விடும். கோப்பு ஓர் இடத்தில் இருக்கிறது, அந்த இடத்துக்குப் பெயர் உண்டு, அதற்குள் இன்னோர் இடம் இருக்கலாம் என்ற எண்ணமே அவருக்குத் தேவைப்பட்டதில்லை. எதையாவது பத்திரப்படுத்த வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி வைத்துக்கொள்கிறார்கள். சரி, அதுவும் ஒரு முறைதான், தப்பில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து ‘டாக்1’, ‘டாக்2’ என்ற பெயர்களில் கிடப்பவற்றில் எது எது என்று தெரியாது.

எனவே இரண்டாவது வகுப்பையும் இதற்கே கொடுத்தோம். ஆளுக்கொரு கோப்புறை, அதற்குத் தங்கள் பதிவெண்ணே பெயர். இறக்கிய ஒவ்வொன்றுக்கும் ‘எங்கிருந்து, எந்த நாள், எதைப் பற்றி’ என்று தெரியும்படி பெயர் மாற்ற வேண்டும். பாடத்திட்டத்தில் எங்கும் இல்லாத இந்த இரண்டு வகுப்புகள்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்டன. எங்கள் ஆய்வகத்தில் இரண்டு பேருக்கு ஒரு கணினி. மவுஸைப் பிடித்தவர் கற்றுக்கொள்வார், மற்றவர் வேடிக்கை பார்ப்பார். பையனும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்தால் மவுஸ் யார் கையில் என்று சொல்லவே வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கைமாற வேண்டும் என்று மணி அடித்தோம்.

மூன்றாமாண்டு கணினிப் பயன்பாட்டியல் மாணவிகள் சிலரை உதவிக்குக் கூப்பிட்டிருந்தோம். என்னிடம் வாய் திறக்காதவர்கள் “அக்கா, இது எப்படிக்கா?” என்று அவர்களிடம் கூச்சமில்லாமல் கேட்டார்கள். திட்டத்தில் செலவில்லாமல் கிடைத்த பெரிய பலம் இது.

ஒரு புயல், நாலு அலமாரி

பட்டியலில் தேடுவது மூன்றாம் வகுப்பு. எங்கள் நூலகம் கோஹா மென்பொருளில் இயங்குகிறது. முதலில் எல்லோரும் ‘தனுஷ்கோடி’ என்று தமிழில் அடித்தார்கள். ஒன்றும் வரவில்லை. காரணம் எளிது. பழைய பதிவேட்டைக் கணினியில் ஏற்றியபோது தமிழ் நூல்களின் தலைப்பையும் ஆங்கில எழுத்தில் ஏற்றிவிட்டார்கள். அதிலும் ஆளாளுக்கு ஓர் எழுத்துக்கூட்டல்: சிலர் ‘த’வுக்கு ஒரு எச் சேர்த்திருப்பார்கள், சிலர் சேர்க்கவில்லை. இராமேசுவரத்துக்கு எத்தனை வடிவம் உண்டோ அத்தனையும் எங்கள் பட்டியலில் இருக்கிறது. நூலக அறிவியலின் முன்னோடி, சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கென்று 1931-ல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. எங்கள் பட்டியல் அந்த விதிக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் பயிற்சிக்கு இந்தக் குளறுபடி நன்றாகவே உதவியது. ஒரே பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று தாளில் எழுதச் சொன்னோம். பிறகு, சொல்லின் முன்பாதியை மட்டும் அடித்து நட்சத்திரக் குறி போட்டால் பின்பாதியில் மாறும் எழுத்துக்கூட்டல் எல்லாம் வந்து விழுவதைக் காட்டினோம். அதற்கு வந்த ‘ஆ’ என்ற சத்தம் அறிமுக விழாக் கைதட்டலைவிட உண்மையானது.

அடுத்து, தலைப்பில் தனுஷ்கோடியே இல்லாத புத்தகத்தில் தனுஷ்கோடி இருப்பது. 1972-ல் வந்த இராமநாதபுரம் மாவட்ட கெசட்டியரை, அதாவது மாவட்ட விவரங்களைத் தொகுத்த அரசு நூலை, மேசையில் வைத்து, “இதில் புயல் இருக்கிறதா, பாருங்கள்” என்றோம். முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார்கள். கடைசியில் சொல்லடைவு என்று ஒன்று உண்டு, அகர வரிசையில் பெயரைப் பார்த்துப் பக்க எண்ணுக்குப் போகலாம் என்பது பலருக்குப் புதுச் செய்தி. அவர்களைச் சொல்லிப் பயனில்லை. தமிழில் வரும் கட்டுரை நூல்களை எடுத்துப் பாருங்கள், பத்தில் எத்தனைக்குச் சொல்லடைவு இருக்கிறது? ஐந்நூறு பக்க வரலாற்று நூலைக்கூடச் சொல்லடைவு இல்லாமல் அச்சடித்துவிட்டு, தமிழில் ஆய்வு வளரவில்லை என்று மேடையில் வருத்தப்படுகிறோம்.

எங்கள் அலமாரிகள், நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி பகுப்புமுறையில் இருக்கின்றன. தமிழ்நாட்டு வரலாறு 954.82. புயல் என்ற இயற்கை நிகழ்வு 551.55. பேரிடர், நிவாரணம் 363.34. ரயில்வே 385. ஒரே இரவு நடந்த ஒன்று நாலு அலமாரிகளில் சிதறிக் கிடக்கிறது. மாணவர்களை நாலு குழுவாகப் பிரித்து, ஒவ்வோர் அலமாரிக்கும் ஒரு குழுவை அனுப்பினோம். புத்தகம் ஒன்றைக் கண்டுபிடித்தால் அதன் வலது இடது பக்கத்துப் புத்தகங்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ரயில்வே அலமாரிக்குப் போனவர்கள் ரயிலை மறந்துவிட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போனதையும், எழும்பூரிலிருந்து வந்த போட் மெயில் ரயிலையும் பற்றிப் பேசிக்கொண்டே திரும்பினார்கள். கேள்விக்கு விடை கொண்டுவரவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, அப்படித்தான் நூலகம் இழுத்துக்கொண்டு போகும்.

110, 115, 200

இணையத் தேடல் நாலாவது வகுப்பு. ஆங்கில எழுத்தில் தங்கிலீஷாக, வாயில் பேசுவதை அப்படியே அடித்தார்கள்: ‘தனுஷ்கோடி ட்ரெயின் எவ்ளோ பேர் செத்தாங்க’. வந்தவை எல்லாம் யூடியூப் காணொளிகள், பேய் இசையோடு. பிறகு தமிழ் எழுத்தில், பிறகு ஆங்கிலத்தில் இடம், ஆண்டு, ரயில் எண் 653 என்று சொற்களை மட்டும் கொடுத்துத் தேடச் சொன்னோம். மூன்றுக்கும் வரும் முதல் பக்கத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே ஒரு பாடம்.

இப்போது எண்கள். முதல் முடிவு, வாக்கெடுப்பு! எது அதிகப் பக்கங்களில் வருகிறதோ அதுதான் சரி என்று வகுப்பு ஒருமனதாகச் சொன்னது. ஒரு பக்கத்தில் இருப்பதை இன்னொன்று எடுக்க, அதை நாலு பேர் எடுக்க, ஒரே ஆள் சொன்னது பத்து ஆள் சொன்னது போலத் தெரியும் என்பதைக் காட்ட, ஒரே வாக்கியம் எழுத்துப் பிழையோடு பல தளங்களில் இருப்பதைத் தேடிப் பிடிக்கச் சொன்னோம். எளிதாகவே பிடித்தார்கள்.

ஒரு தளம் நம்பத்தக்கதா என்று பார்க்கப் பழைய பயிற்சி நூல்கள் ஒரு பட்டியல் தரும்: ஆசிரியர் பெயர் உண்டா, தேதி உண்டா, வடிவமைப்பு ஒழுங்காக இருக்கிறதா. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதை அசைத்துப் பார்த்தது. 10 வரலாற்று முனைவர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், 10 செய்திச் சரிபார்ப்பாளர்கள் என்று மூன்று தரப்பிடம் தளங்களைக் கொடுத்து எடைபோடச் சொன்னார்கள். முனைவர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்துப் பளபளப்பில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே போய், வேறு சாளரம் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். வகுப்பில் இதை இப்படிச் சொன்னேன்: வரன் பார்க்கும்போது மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையிடமேவா விசாரிக்கிறோம்? அக்கம்பக்கத்தில்தானே விசாரிக்கிறோம். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து அவர்கள் மொழியில் இதற்கு ‘பொண்ணு வீட்டு விசாரணை’ என்று பெயர்.

பின்வரிசையில் எப்போதும் தலை குனிந்திருக்கும் ஒரு மாணவர்தான் முடிச்சை அவிழ்த்தார். ஒரு பக்கத்தில் 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள் என்று பிரித்து எழுதியிருந்தது. “சார், நூத்திப்பத்தும் நூத்திப்பதினஞ்சும் ஒண்ணுதான் சார். ஒருத்தங்க கார்டு, டிரைவரையும் சேத்து எண்ணிருக்காங்க.” வகுப்பே திரும்பிப் பார்த்தது. அடுத்து 200 எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200-ஐ நெருங்கும் என்று சில கட்டுரைகள் சொல்கின்றன. அப்படியானால் 115 என்பது கணக்கில் இருந்தவர்கள், 200 என்பது கணக்கில் இல்லாதவர்களையும் சேர்த்த ஊகம். மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு கேள்விக்கு விடை. இதை அவர்களே கண்டுபிடித்தார்கள். நாங்கள் சொல்லியிருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு மறந்திருப்பார்கள்.

புயலைப் பார்த்த பெரியவர்களிடம் கேட்டு வந்தவர்கள் சொன்னது வேறு. ‘ரயிலில் ஐந்நூறு பேர்’ என்று ஓர் அப்பத்தா சொல்லியிருக்கிறார். அதைத் தூக்கிப் போடாமல், சொன்னவர் யார், அன்று எங்கே இருந்தார், தானே பார்த்ததா கேள்விப்பட்டதா என்று குறித்துக்கொள்ளச் சொன்னார் வரலாற்று ஆசிரியை. எண்ணிக்கைக்கு அந்தச் சாட்சியம் பயன்படாது. தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்த அந்த நாள்களில் செய்தி எப்படி ஊர் ஊராகப் பரவியது என்று அறிய அதைவிட நல்ல சான்று கிடையாது.

‘[தொகு]’ என்று கையால் எழுதியவர்

அசைன்மென்ட்கள் வந்தன. கையெழுத்தில்தான், துறையின் வழக்கம் அது. ஒன்றில் ஒவ்வோர் உள்தலைப்புக்குப் பக்கத்திலும் ‘[தொகு]’ என்று அழகாக எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடும் போட்டிருந்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் தலைப்புக்கு அருகில் வரும் திருத்தும் பொத்தான் அது. இன்னொன்றில் வாக்கிய முடிவுகளில் [2], [5] என்று மேற்கோள் எண்கள்.

சிரித்துவிட்டுப் போய்விடலாம். 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறை, பிறர் எழுத்தோடு ஒத்துப்போவதை 10 விழுக்காடு வரை பொறுத்து, 40, 60 என்று படிப்படியாகத் தண்டனை சொல்கிறது. அந்த விழுக்காட்டைக் காட்டி இந்தப் பிள்ளைகளை மிரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பன்னிரண்டு ஆண்டு, புத்தகத்தில் உள்ளதை வரி பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, கல்லூரியில் காலடி வைத்ததும் அதையே திருட்டு என்றால் குழம்பத்தான் செய்வார்கள். ‘[தொகு]’ எழுதியவரைக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து, பொத்தானை அழுத்தச் சொன்னேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், அடியில் ஆதாரம் கேட்பார்கள் என்பதைப் பார்த்ததும் அவருக்கு விக்கிப்பீடியா மீது மரியாதை கூடியதா குறைந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. அதன் அடிக்குறிப்புகளைத் திறந்து பார்க்கும் பழக்கம் மட்டும் வந்துவிட்டது.

இன்னொருவர் ஒரு ஏஐ செயலி கொடுத்த நூல் பட்டியலோடு வந்து, அலமாரி அலமாரியாகத் தேடிக்கொண்டிருந்தார். ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் கனகச்சிதம். அப்படியொரு புத்தகம்தான் உலகத்தில் இல்லை. எந்தப் பட்டியலைக் கொண்டுவந்தாலும், நூலகப் பட்டியலிலோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலோ அந்த நூல் இருக்கிறதா என்று முதலில் பார் என்பதை அதன் பிறகு வகுப்பிலேயே சேர்த்துவிட்டோம். ஷோத்கங்காவில் கிடைக்கும் முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களுக்கு நேராகப் போய், அங்குள்ள நூற்பட்டியலை எடுத்துக்கொள்ளும் குறுக்கு வழியையும் காட்டினோம். அது ஏஐ பட்டியலைவிட வேகமாகப் பரவியது.

வணிகவியல் துறையில் நடந்தது

இதே வகுப்புகளை வணிகவியல் முதலாண்டுக்கும் கேட்டார்கள். அங்கே பாடத்திட்டம் நெருக்கடி, அசைன்மென்டோடு சேர்க்க முடியாது, நீங்களே நடத்திக்கொடுங்கள் என்றார்கள். நடத்தினோம். அதே ஆய்வகம், அதே அக்காக்கள், அதே பயிற்சித் தாள். கோப்புறை வகுப்பு நன்றாகவே போனது. தேடல் வகுப்பில் ‘உங்களுக்குப் பிடித்த தலைப்பைத் தேடுங்கள்’ என்றதும் கிரிக்கெட், நடிகர், வேலைவாய்ப்பு என்று போய், அடுத்த வாரமே வருகை பாதியாகிவிட்டது. வணிகவியல் மாணவர்கள் வரலாற்று மாணவர்களைவிடக் கணினியில் கெட்டிக்காரர்கள். ஆனாலும் செமஸ்டர் முடிவில் பட்டியலில் நூல் தேடித் தாங்களாகவே எடுத்துப்போனது வரலாற்று மாணவர்கள்தான். கையில் ஒரு கேள்வி இருந்ததும், அதற்கு மதிப்பெண் இருந்ததும் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

வரலாற்று வகுப்பிலும் எல்லாம் கைகூடிவிடவில்லை. என்-லிஸ்டைத் திறந்தவர்களும் ஆங்கிலக் கட்டுரையின் முதல் பத்தியோடு நின்றுவிட்டார்கள். தேடிக் கண்டுபிடிப்பது ஒரு திறன், கிடைத்ததைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு. இரண்டாவதை நூலகர் ஒருவர் நாலு வகுப்பில் கொடுக்க முடியாது. ஆங்கிலத் துறையோடு இது பற்றிப் பேச்சு நடக்கிறது.

பட்டியலில் தமிழ்த் தலைப்புகளைத் தமிழ் எழுத்திலும் ஏற்றும் வேலையைத் தமிழ்த்துறை மாணவர்கள் சிலர் தமிழ்99 விசைப்பலகை பழகிக்கொண்டு செய்துவருகிறார்கள். உள்ளூர் வரலாற்று அலமாரி முடிந்துவிட்டது. ‘தனுஷ்கோடி’ என்று அடித்தால் இப்போது நூல்கள் வருகின்றன.

வணிகவியல் துறைத் தலைவர் இந்த ஆண்டு ஓர் அசைன்மென்டை ஒதுக்கித் தந்திருக்கிறார். கேள்வியும் முடிவாகிவிட்டது: 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு, அதன் பிறகு விவசாயி கையில் விலை கூடியதா? குறியீட்டு விண்ணப்ப ஆவணம் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் தளத்தில் கிடைக்கும். சந்தை விலை அக்மார்க்நெட் தளத்தில் இருக்கும். விவசாயி என்ன சொல்கிறார் என்பதற்குப் பாதி மாணவர்கள் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம். வகுப்பு தொடங்கும் முன் எல்லோருடைய மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் சரிபார்க்க ஒரு பாடவேளை தனியாகக் கேட்டிருக்கிறேன்.